ஆனைமலை: வெட்டிய காடும் எஞ்சிய காடும்

பொள்ளாச்சியில் பேருந்து ஏறி அமர்ந்ததும் நம்முடன் வந்த நண்பர் ஒருவர் குறிப்பேட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். வால்பாறை வரை உள்ள 64 கிலோமீட்டரில் கொண்டையூசி வளைவுகள் எத்தனை என்று எண்ணிவிடுவது அவர் திட்டம். நாற்பது என்று வளைவுதோறும் பலகையில் எண் எழுதி வைத்திருக்கிறார்களே, எண்ணுவானேன் என்று கேட்டோம். "அரசாங்கக் கணக்கைச் சரிபார்க்க வேண்டாமா?" என்றார். ஒன்பதாவது வளைவோடு அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டார். அங்கே சாலையோரப் பாறையில் வரையாடுகள் மூன்று நின்றிருந்தன. கீழே ஆழியாறு அணையின் நீர், வெயிலில் தகரத் தகடு போலக் கிடந்தது.

அந்த இடத்திற்கு லோம்ஸ் காட்சிமுனை என்று பெயர். மலைமேல் தோட்டங்களுக்கு இந்தச் சாலையை அமைத்த ஆங்கிலப் பொறியாளரின் பெயர் லோம். சாலை போட்டவர் பெயர் நிலைத்திருக்கிறது. பாறை உடைத்தவர்கள் பெயர் எங்கும் இல்லை. வரலாற்றில் இது வழக்கமான செய்திதான் என்றாலும், இம்மலையைப் பொறுத்தவரை நாம் இதை அடிக்கடி நினைவுகூர வேண்டியிருக்கும்.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடுவோம். மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவராக வந்து பாலக்காட்டுக் கணவாயில் ஓரிடத்தில் அறுபடுகிறது. அந்த இடைவெளிக்கு வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இத்தொடரின் தென்கோடியில், இன்றைய கேரள எல்லைக்குள், 2,695 மீட்டர் உயரத்தில் ஆனைமுடி நிற்கிறது. தென்னகத்தில் அதனினும் உயர்ந்த சிகரம் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து வந்து இம்மலைமேல் மோதி, கொண்டுவந்ததையெல்லாம் மேற்குச் சரிவிலும் மேட்டுநிலத்திலும் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு கிழக்கே இறங்குகிறது. வால்பாறைப் பக்கம் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. பொள்ளாச்சியில் அதில் மூன்றிலொரு பங்குகூட இல்லை. தமிழகத்தில் மிகுதியாக மழை பெறும் இடங்களுள் முன்னிற்கும் சின்னக்கல்லாறு இங்கேதான் இருக்கிறது. முள்ளும் வேலமும் மண்டிய அடிவாரத்திலிருந்து இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் என்றும் பசுமை மாறா மழைக்காட்டை அடைந்துவிடலாம் என்பது நம் ஊர்க்காரர்களுக்கே இன்னும் வியப்பாக இருக்கிறது. மழைக்காடு என்றால் அமேசான், அதை விட்டால் போர்னியோ என்று பள்ளிப் புத்தகம் நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது.

மலையுச்சிப் புல்வெளிகளின் மடிப்புகளில் ஒதுங்கி வளரும் குட்டை மரக்காடுகளை உலகத் தாவரவியலாளர்கள் 'ஷோலா' என்கிறார்கள். அது நம்முடைய 'சோலை' என்ற சொல்லே. தேக்கும் அப்படித்தான்: நம் கரையில் ஏறிப் போர்த்துகீசியர் வாய்வழியாக ஐரோப்பாவிற்குப் போன சொல் அது. சொற்கள் கப்பலேறிப் பெருமை பெற்றன. மரங்கள் கப்பலாகவே ஆகிப் போயின.

இது அணிக்காகச் சொன்னதன்று. 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் கிழக்கிந்தியக் கும்பினியின் பம்பாய்க் கப்பல்துறைக்குத் தேக்கு வேண்டியிருந்தது. மலபாரின் தேக்குக் காடுகள் அதற்குள் பெரும்பாலும் வெட்டித் தீர்க்கப்பட்டிருந்தன. நிலம்பூரில் 1840களில் தேக்கை நட்டு வளர்க்க முற்பட்டதே அந்தத் தட்டுப்பாட்டின் விளைவுதான். கண்கள் ஆனைமலைப் பக்கம் திரும்பின. மலைமேல் வெட்டிய மரங்களை யானைகளைக் கொண்டு விளிம்பு வரை இழுத்துவந்து சரிவில் உருட்டிவிட்டார்கள். உச்சியிலிருந்து சறுக்கிவிட்ட அந்த இடமே 'டாப்ஸ்லிப்'. இன்று அங்கே யானைச் சவாரியையும் கோழிகமுத்தி முகாமையும் தேடிப் போகும் நம்மில் பலர், அப்பெயர் ஒரு தொழிலின் பெயர் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

1856இல் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராகப் பொறுப்பேற்ற ஹியூ கிளெக்ஹார்ன் ஒரு மருத்துவர். செடிகொடிகளின் மீதிருந்த நாட்டம் அவரை இத்துறைக்கு இழுத்து வந்தது. ஆனைமலையின் மேற்பகுதிகளுக்குச் சென்று அவர் எழுதிய குறிப்புகள் இம்மலை பற்றிய பழைய அறிவியற் பதிவுகளுள் அடங்கும். காடு அளவில்லாதது என்ற எண்ணம் அக்காலத்தில் மாறத் தொடங்கியிருந்தது. ஆனால் பாதுகாப்பு என்று அவர்கள் சொன்னது பெரும்பாலும் மரக்கட்டையின் பாதுகாப்பையே. நாளைக்கு வெட்ட இன்று காப்பது. அதில் காடரும் மலசரும் மரம் கடத்துவோர் பட்டியலில் சேர்ந்ததும் உண்டு, கூலியாட்களாக அமர்த்தப்பட்டதும் உண்டு.

இதே வரிசையில், டாப்ஸ்லிப்பில் அடக்கமாகியிருக்கும் ஹ்யூகோ வுட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1910களின் பிற்பாதியிலிருந்து சுமார் பத்தாண்டுகள் இங்கே வன அதிகாரியாக இருந்தவர். சட்டைப்பை நிறையத் தேக்கு விதைகளை வைத்துக்கொண்டு, கைத்தடியால் மண்ணைக் குத்திக் குத்தி விதைத்துக்கொண்டே நடப்பார் என்பது இங்கு வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 1933இல் இறந்த அவரை, அவர் விருப்பப்படியே இங்கு அடக்கம் செய்தார்கள். என் நினைவுச்சின்னத்தைத் தேடினால் சுற்றிலும் பார் என்னும் பொருள்படும் இலத்தீன் வாசகம் கல்லறையில் உண்டு. லண்டனில் கிறிஸ்டோபர் ரென் கல்லறையில் உள்ள வாசகத்தை ஒட்டியது அது.

சுற்றிலும் பார்த்தோம். நேர்கோட்டில் நின்ற தேக்குகள் கோடைக்கு இலையுதிர்த்திருந்தன. மனிதர் பெரியவர்தான், ஐயமில்லை. வேரோடு வெட்டுவதை நிறுத்தி மறுதளிர்ப்புக்கு இடம் வைத்தவர் என்ற வகையில் நம் நன்றிக்கு உரியவர். ஆயினும் அது தேக்குத் தோப்பு. ஒரே இனம் வரிசையாக நிற்பதைக் காடு என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. காடு எப்படியிருக்கும் என்று பார்க்க அங்கிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. அருகிலேயே கரியன் சோலை இருக்கிறது.

கரியன் சோலைக்குள் நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகிறது. வனத்துறை ஊழியர் ஒருவர் முன்னே நடக்க, காலுறைகளுக்குள் மூக்குப்பொடியைத் தூவிக்கொண்டு பின்னே போனோம் (அட்டைகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை என்று திரும்பி வந்தபின் தெரிந்தது). தலைக்குமேல் நான்கைந்து அடுக்குகள். முட்டுவேர் பரப்பி நிற்கும் பெருமரங்கள், அவற்றைச் சுற்றிய கொடிகள், கொடியில் ஒட்டிய பாசி, பாசியில் வேர்விட்ட ஆர்க்கிட். வெடிப்பலா, கருங்குங்கிலியம், நாங்கு என்று ஊழியர் பெயர் சொல்லிக்கொண்டே போனார். இவற்றில் வெடிப்பலா இல்லாமல் இக்காட்டின் கதையே இல்லை. பலாவைப் போல முள் பொதிந்த சிறு காய்களைக் கொப்பு கொப்பாகக் காய்க்கும் மரம். மற்ற மரங்களில் கனி அருகிப்போகும் காலத்தில் அதன் பூவை நாடி வௌவாலும் அணிலும் குரங்கும் வரும். பூத்தேனுக்கு வருவன மகரந்தத்தைக் கொண்டுபோகும். காய் பழுக்குமுன்பே அதை உடைத்து விதை தின்னும் வித்தை ஒரு விலங்குக்குத் தெரியும். அதுதான் சோலைமந்தி.

சங்கப் பாடல்களில் கடுவன், மந்தி, ஊகம், முசு என்று குரங்குகளுக்கு எத்தனை பெயர்கள்! அவற்றுள் எது இன்றைய எந்த இனம் என்று அறிஞர்கள் வாதிடட்டும். முகத்தைச் சுற்றி நரைத்த பிடரியும் நுனியில் குஞ்சம் வைத்த வாலுமாக உள்ள சிங்கவால் குரங்கு, உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. காட்டில் எஞ்சியிருப்பவை சில ஆயிரங்களே. மரமுகட்டிலேயே பிறந்து மரமுகட்டிலேயே சாவது அதன் இயல்பு. மரத்திற்கும் மரத்திற்கும் இடையே தேயிலை வந்துவிட்டால் அதற்குப் போக வழியில்லை.

தேயிலை எப்போது வந்தது? 1860களில் முதலில் வந்தது காப்பி. அது பெரிதாகச் செழிக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில்தான் பெருநிலங்கள் தோட்ட முதலாளிகளின் கைக்கு மாறிக் காடழிப்பு வேகம் பெற்றது. இதில் முன்னின்ற கார்வர் மார்ஷ் என்னும் துரைக்கு வால்பாறையில் சிலை இருக்கிறது. 'ஆனைமலையின் தந்தை' என்று பட்டம். இருநூற்றிருபது சதுர கிலோமீட்டர் மேட்டுநிலத்தில் அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் மழைக்காட்டின் பெரும்பகுதி வெட்டி எரிக்கப்பட்டு, இன்று நாம் படம் எடுத்து மகிழும் பச்சைக் கம்பளம் விரிக்கப்பட்டது. ஓடையோரமும் வெட்டச் சிரமமான சரிவுகளும் விறகுக்காக விட்டுவைத்த இடங்களும் மட்டும் துண்டு துண்டாக எஞ்சின.

வெட்டியது யார்? திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரை, சேலம் பக்கத்து வறண்ட ஊர்களிலிருந்து வந்த ஏழைக் குடும்பங்கள். அவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். மேஸ்திரி ஊருக்கு வருவார். கையில் முன்பணம் கொடுப்பார். மலையில் நல்ல சம்பளம், வீடு, கம்பளி என்று சொல்வார். மலையேறிய பின் முன்பணம் கடனாகும், கடன் சங்கிலியாகும். 1859ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, முன்பணம் வாங்கிவிட்டு வேலையைவிட்டு ஓடுவது குற்றவியல் தண்டனைக்குரிய செயல். 1925இல் அதை நீக்கச் சட்டம் இயற்றும் வரை இந்நிலை நீடித்தது. சட்டத்திற்கு முன்னே மலைக்காய்ச்சல் வந்து பலரை விடுவித்தது. மெல்ல ஓடும் மலையோடைகளில் பெருகும் அனாபிலிஸ் கொசுவின் வேலை அது. உள்நாட்டு மக்களுக்கு அந்நோய் எதிர்ப்பு ஏதும் இல்லை. மழையில் நனைந்துகொண்டே வேலை, அரைவயிற்றுச் சோறு, ஒண்டுக்குடித்தன லயம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. தெளிக்கத் தொடங்கும் வரை குளிர்காய்ச்சலே இம்மலையின் மெய்யான துரை.

இதை நமக்கு விரிவாக எழுதி வைத்துவிட்டுப் போனவர் மருத்துவர் பி.எச். டேனியல். 1940களில் இங்குள்ள தோட்டங்களில் பணியாற்றித் தொழிலாளர்களின் வாய்மொழியைக் கேட்டவர். அவர்களுக்குத் தொழிற்சங்கம் கட்டவும் துணைநின்றவர். அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' 1969இல் வெளிவந்தது. தமிழில் அது வர மேலும் 38 ஆண்டுகள் ஆயின. இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' 2007இல் வந்தபின்தான் நம்மில் பெரும்பாலோர் அப்படியொரு நூல் இருப்பதையே அறிந்தோம். 2013இல் பாலாவின் 'பரதேசி' அந்நாவலைத் தழுவி வெளியானது. வால்பாறைக்குச் சுற்றுலாத் திட்டம் போடும் நண்பர்களிடம், போகுமுன் அந்நூலைப் படித்துவிடச் சொல்வது நம் வழக்கம். பயணத்தின் இன்பம் சற்றுக் குறையும் என்பது உண்மைதான்.

விடுதலைக்குப் பின் அணைகள் வந்தன. மேற்கே ஓடிக் கடலில் சேரும் ஆறுகளைச் சுரங்கங்களால் கோத்துக் கிழக்கே திருப்பிய பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம், பொள்ளாச்சி, உடுமலை வட்டாரங்களின் வாழ்வை மாற்றிய பெருஞ்செயல். கேரளத்துடனான உடன்படிக்கை 1970இல் கையெழுத்தானது. 1958 முதல் செல்லுபடியாகும் என்று எழுதிக்கொண்டார்கள். சோலையாறும் பரம்பிக்குளமும் நீராறும் நிறைந்தால் சமவெளியில் தென்னை நிற்கும். நீர் தேங்கிய இடங்களில் முன்பு நின்றது காடு. கொங்கு நாட்டில் பிறந்த நமக்கு இதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி இல்லை. நாம் குடித்து வளர்ந்த நீர் அது.

பிறகு சட்டங்களும் வந்தன. 1976இல் சரணாலயம், 1989இல் தேசியப் பூங்கா, 2007இல் புலிகள் காப்பகம். 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் சில பகுதிகளை யுனெஸ்கோ உலக மரபுச்சின்னமாக ஏற்றபோது கரியன் சோலையும் அக்காமலைப் பக்கத்துப் புல்மலையும் அப்பட்டியலில் இடம்பெற்றன. காப்பகத்தின் உட்பகுதி மட்டும் ஏறத்தாழ 958 சதுர கிலோமீட்டர். நடுவே தேயிலைத் தீவாக வால்பாறை. யார் கண்ணுக்குத் தீவு என்பது கேள்வி. யானையின் கண்ணுக்கு அது ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குச் செல்லும் வழி, அவ்வளவே.

தேயிலைத் தோட்டத்தைப் 'பச்சைப் பாலை' என்று எழுதும் வழக்கம் நம் சூழலியல் எழுத்தாளர்களிடையே உண்டு. நாமும் ஒரு காலத்தில் அப்படி எழுதியதுண்டு. வால்பாறையில் சில நாட்கள் தங்கியபின் அச்சொல்லைக் கைவிட்டோம். பாலையில் இருவாச்சி பறப்பதில்லை. ஒரு மாலையில் தேயிலைக்கு மேலே, நீராவி வண்டி வருவதைப் போன்ற சிறகோசையுடன், மஞ்சள் அலகும் அதன்மேல் தொப்பியுமாக இரண்டு பெரிய இருவாச்சிகள் நம் தலைக்கு மேலே கடந்து, ஓடையோரத்துத் துண்டுக் காட்டில் இறங்கின. பழுத்த அத்தி அங்கே நின்றது. இப்பறவையின் குடும்ப வாழ்க்கை ஒரு காவியத்திற்குரியது. பெண்பறவை முதுமரப் பொந்துக்குள் புகுந்து, அலகு நுழையும் பிளவை மட்டும் விட்டு வாயிலைத் தன் எச்சத்தால் பூசி அடைத்துக்கொள்ளும். ஏறத்தாழ நான்கு மாதம் சிறை. அத்தனை நாளும் ஆண்பறவை பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். அது வேட்டையாடப்பட்டால் பொந்துக்குள் இருக்கும் குடும்பமே பட்டினியில் விழும். பொந்து விழுமளவு பருத்த மரம் வேண்டும், பழமரம் வேண்டும், அவற்றின் விதையைச் சுமந்து எச்சத்தில் விதைக்க இப்பறவையும் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தால் மற்ற இரண்டும் குறையும்.

முன்பு இருவாச்சிக் குஞ்சுகளைப் பொந்திலிருந்து எடுத்து வந்த காடர்கள், எல்லைக்கு அப்பால் வாழச்சால் காட்டில் இப்போது கூடுகளுக்குக் காவலர்களாக இருக்கிறார்கள். காட்டை அவர்கள் அறிந்ததுபோல் வேறு எவரும் அறியார். மானிடவியலாளர் எஹ்ரன்ஃபெல்ஸ் 1952இல் அவர்களைப் பற்றி எழுதிய நூல் சென்னைப் பல்கலைக்கழக வெளியீடு. ஆனால் நூல் எழுதப்பட்டதால் யாருக்கும் நிலம் கிடைத்துவிடுவதில்லை. வால்பாறைக்கு அருகில் கல்லார்க் குடியிருப்பில் இருந்த காடர் குடும்பங்கள், 2019 ஆகஸ்டுப் பெருமழையின் நிலச்சரிவில் வீடிழந்தன. அருகிலேயே தெப்பக்குளமேட்டில் நிலம் வேண்டும், தோட்டத்து லயத்தில் முடங்கமாட்டோம் என்று நின்றார்கள். வன உரிமைச் சட்டத்தைக் காட்டி நெடுநாள் கேட்டபின்தான் அது நடந்தது. இம்மலையில் எல்லோருக்கும் முன்னே வந்தவர்கள், கடைசியில் மனுக்கொடுத்து இடம் பெற்றார்கள்.

புதுத்தோட்டம் என்னுமிடத்தில் சாலைக்கு மேலே, இருபுறத்து மரங்களையும் இணைத்து ஏணி போல எதையோ கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சோலைமந்திகள் சாலையைக் கடப்பதற்கான பாலம் அது. நூறு எக்டேரைக்கூட எட்டாத அந்தத் துண்டுக் காட்டில் நூற்றுக்கு மேற்பட்டவை நெருக்கியடித்து வாழ்கின்றன. தரையில் இறங்கிப் பழகிவிட்டன; வண்டியில் வருவோர் எறியும் வறுவலைத் தின்னவும் பழகிவிட்டன. எறிகிறவர்கள் அன்பினால்தான் எறிகிறார்கள். அந்த அன்பில் அடிபட்டுச் சாகும் குரங்குகளும் உண்டு.

2000ஆம் ஆண்டையொட்டி இங்கு வந்து தங்கிய ஆய்வாளர்கள் திவ்யா முத்தப்பா, டி.ஆர். சங்கர் ராமன் ஆகியோரின் குழு, தோட்ட நிறுவனங்களோடு பேசி, சிதைந்த காட்டுத் துண்டுகளில் உண்ணிச்செடியைக் களைந்து அம்மண்ணுக்குரிய மரங்களையே நட்டு வருகிறது. சாலையோரம் வீணே உதிரும் காட்டு விதைகளைப் பொறுக்கி நாற்றங்காலில் முளைக்க வைக்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மர இனங்கள். தானாக மீளட்டும் என்று விட்ட இடங்களைவிட நட்ட இடங்கள் விரைந்து தேறுகின்றன என்று அவர்கள் அளந்தும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஒரு வெடிப்பலா, இருவாச்சி புகும் பொந்து விடுமளவு முதிர எத்தனை தலைமுறை ஆகும்? வெட்டுவதற்கு முப்பது ஆண்டு போதுமாக இருந்தது.

கடைசி நாள் மாலை ஒரு தோட்டத்து நிறுத்தத்தில் பேருந்துக்காகக் காத்திருந்தோம். கம்பத்தின் மேல் சிவப்பு விளக்கு ஒன்று மின்னிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யானை நின்றால் கைப்பேசி அழைப்பிலேயே அதை எரியவிடலாம். 2011 முதல் இவ்விளக்குகளும் குறுஞ்செய்தியுமாக ஆனந்தகுமார் என்னும் ஆய்வாளரின் முயற்சியில் நடந்துவரும் ஏற்பாடு இது. இருட்டில் எதிர்பாராமல் யானைமுன் போய் நிற்பதால் நேர்ந்த சாவுகள் இதன்பின் வெகுவாகக் குறைந்தன. விளக்கைக் கவனியாமல் தேநீர்க்கடைப் பக்கம் நடக்கத் தொடங்கிய நம்மை, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்திருந்த மூதாட்டி ஒருவர் அதட்டினார்.

"எங்க போறீய? விளக்கு எரியுது, தெரியலியா? சாமி கீழ ஓடையில நிக்குது."

அமர்ந்து பேசினோம். பிறந்ததே அந்த லயத்தில்தானாம். பாட்டனார் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மரம் வெட்ட வந்தவர். ஊரில் இப்போது யாருமில்லை. மக்கள் இருவரும் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். பக்கத்து வீடுகளில் அசாம், ஜார்க்கண்டுக்காரர்கள். வேலை முடிந்து கணக்குத் தீர்த்தால் வீட்டைக் காலிசெய்ய வேண்டும், அவ்வளவுதான் விதி.

"எங்க தாத்தா வெட்டுன காடு. இப்ப அந்தப் பிள்ளைய நாத்து நட கூலிக்குக் கூப்பிட்டாவ, நானும் போனேன். பத்து வருசம் இருக்கும். போயிப் பாத்தா என்னைய விட ஒசரமா நிக்குது."

எங்கே என்று கேட்டோம். ஓடைப்பக்கம் கையைக் காட்டினார். இருட்டில் எதுவும் தெரியவில்லை. மூங்கில் முறியும் ஓசை மட்டும் கேட்டது. பேருந்து வரும் வரை சிவப்பு விளக்கு அணையவில்லை.